வீட்டுச் சுவருக்கு எந்த நிறம்?

ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில் நமது புதுக்கோட்டை வட்டாரத்தில் வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது யோசனைக்குரிய விஷயமாகவே இருந்ததில்லை. மார்கழி மாதத்தில் சுண்ணாம்பைத் தொட்டியிலிட்டு நீற்றி, மெல்லிய துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியோ வஜ்ஜிரமோ சேர்த்து, ஒரு சிட்டிகை நீலமும் கரைத்துச் சுவரெங்கும் வெள்ளையடிப்பார்கள். அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் காவி பூசுவார்கள். பொங்கலுக்கு வீடு தயாராகிவிடும். இன்றோ வர்ணக் கடையில் நம் கையில் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து, நூற்றுக்கணக்கான நிறச் சதுரங்களில் ஒன்றைச் சொல்லும்படி கேட்கிறார்கள். நாம் திகைக்கும்போது கடைக்காரரே ஒரு வழியும் சொல்லுகிறார். நீலம், பச்சை, ஊதா ஆகியவை குளிர்ந்த நிறங்கள். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு ஆகியவை சூடான நிறங்கள். நமதோ வெயில் ஊர். ஆகையால் குளிர்ந்த நிறமாகப் பார்த்து அடியுங்கள் என்கிறார்.

கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் இந்த வாக்கை நம்பி மேற்குச் சுவருக்குக் கருநீலம் அடித்துவிட்டுச் சித்திரை மாதத்தில் வெந்து போகிறவர்கள் நம்மில் உண்டு. சூட்டு நிறமா, குளிர் நிறமா என்ற கேள்வி தவறானதன்று. அதைக் கேட்கும் இடம்தான் தவறு. வெயிலைத் தடுப்பது நிறத்தின் பெயரன்று, அதன் வெளுப்பு. இந்த வேறுபாட்டை நாம் அறிந்து கொண்டால், வர்ணத்துக்காகச் செலவிடும் பணம் வீண் போகாது; வீட்டிலுள்ள முதியோரும் குழந்தைகளும் இரவில் நிம்மதியாக உறங்கவும் வழியுண்டாகும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆகவே இதை வெறும் அலங்கார விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை.

பெயரில் உள்ள சூடு

மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று நாம் சொல்லுகிறோம். இரண்டையும் ஒரே அறையில் ஒரு நாள் வைத்துவிட்டு வெப்பமானியால் சோதித்தால் இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும். சூடு, குளிர்ச்சி என்பவை அங்கே பண்டத்தின் வெப்பநிலையைக் குறிக்கவில்லை. உடம்பில் அது உண்டாக்குவதாக நாம் கருதும் குணத்தைக் குறிக்கின்றன. நிறங்களின் கதையும் இதுவே. சிவப்பும் மஞ்சளும் நெருப்பையும் வெயிலையும் நினைவூட்டுகின்றன. நீலமும் பச்சையும் குளத்தையும் தோப்பையும் நினைவூட்டுகின்றன. ஓவியர்கள் தங்கள் வசதிக்காக வைத்த பெயர்கள் இவை. உண்மையான நெருப்பு இந்தப் பெயர்களுக்குக் கட்டுப்படுவதில்லை. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கிறது. மேலும் காய்ந்தால் மஞ்சளாகிறது. அதற்கும் மேலே வெண்மையாகிறது. சமையல் அடுப்பில் நீலமாக எரியும் சுடர், மஞ்சளாக எரியும் சுடரைவிடச் சூடு மிக்கது என்பதை நமது தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

சுவர் எவ்வளவு வெயிலைக் குடிக்கிறது என்பது வேறு கணக்கு. புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய 100-க்கு 70 முதல் 80 பங்கு வரை திருப்பி அனுப்பிவிடுகிறது. அடர்ந்த நிறங்கள், நீலமானாலும் பச்சையானாலும் சிவப்பானாலும், பெரும்பகுதியைத் தம்முள்ளே வாங்கிக் கொள்ளுகின்றன. ஆகவே 'சூடான' நிறமாகிய வெளிர் மஞ்சளை அடித்த சுவர், 'குளிர்ந்த' நிறமாகிய கருநீலத்தை அடித்த சுவரைவிடக் குறைவாகவே காயும். விவசாயிகளுக்கு இது புதிய பாடமன்று. தோட்டத்தில் கறுப்பு நிலப்போர்வை விரித்தால் அடியில் மண் சூடேறுகிறது. வெள்ளி நிறப் போர்வை விரித்தால் வெயில் திரும்பிவிடுகிறது. தோட்டத்தில் நாம் கண்ட உண்மை வீட்டுக்கு வந்தால் மாறிவிடுமா?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வெயிலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. அந்தப் பாதியை ஒரு பூச்சு திருப்புமா, விழுங்குமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 'வெயில் தடுப்பு' என்று சொல்லி இப்போது விற்கப்படும் பூச்சுகளை வாங்குவோர், டப்பாவின் மேலுள்ள படத்தை நம்பாமல், வெயிலை எவ்வளவு திருப்புகிறது என்ற அளவெண் அச்சிட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

நிறத்தால் மனத்துக்குக் குளிர்ச்சி தோன்றாதா என்று கேட்கலாம். சிறிது தோன்றலாம். ஆனால் நீல அறையில் இருப்பவருக்கு உண்மையிலேயே குளிர்ச்சி தெரிகிறதா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். சில ஆராய்ச்சிகளில் சிறு வித்தியாசம் கண்டது. சிலவற்றில் ஒன்றுமே காணவில்லை. அந்தச் சிறு தோற்றத்தை நம்பிச் சித்திரை வெயிலோடு போராட இயலாது.

முதலில் கூரை

சுவரின் நிறத்தைப் பற்றி நாட்கணக்கில் விவாதிக்கும் நாம், கூரையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புதுக்கோட்டை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய பத்தரைப் பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாட்களில், அதாவது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், நடுப்பகலில் சூரியன் நமது தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்டு கடைசி வாரத்தில் மறுபடியும் உச்சிக்கு வந்து தெற்கே செல்லுகிறது. ஆகவே கோடை முழுவதும் வெயிலின் முழுப் பாரத்தையும் தாங்குவது கூரையே. ஓலைக் கூரையும் நாட்டு ஓட்டுக் கூரையும் அந்தப் பாரத்தை ஓரளவு தாமே தாங்கிக் கொண்டன. கான்கிரீட் கூரையோ பகலெல்லாம் சூட்டைச் சேமித்து வைத்து, இரவில் படுத்திருப்பவர்மேல் இறக்குகிறது. சிமெண்டு அட்டைக் கூரை உடனுக்குடன் இறக்குகிறது. 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டங்களால் குடிசைகள் கான்கிரீட் வீடுகளாக மாறி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் 360 சதுர அடி வீட்டில் கூரையின் சூட்டுக்கு ஒதுங்க வேறு அறை ஏது?

அகமதாபாத் நகரில் 2017-ஆம் ஆண்டிலேயே ஏழை மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் முயற்சி தொடங்கியது. தெலங்கானா மாநிலம் 2023-இல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. இவற்றின் அடிப்படை நாம் அறியாததன்று. நமது சுண்ணாம்புத் தொட்டியில் இருப்பதுதான். முன் பக்கத்துச் சுவருக்கு விலையுயர்ந்த எமல்ஷன் அடிக்கப் பணம் வைத்திருப்பவர், முதலில் அதில் ஒரு சிறு பங்கைக் கூரையின் மேல் வெள்ளைக்குச் செலவிட வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

இதற்குக் காலமும் பார்க்க வேண்டும். பொங்கல் வெள்ளையோடு கூரையையும் சேர்த்து அடிப்பது வேலைக்குச் சுலபம். ஆயினும் வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஓய்ந்த பின், மாசி மாதத்தில் கூரைக்கு அடித்தால், சுண்ணாம்பு நன்றாகப் பிடித்துக் கோடை முழுவதும் வெண்மையாக நிற்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கொண்டு மறுபடியும் கல்லாக இறுகுகிறது. இறுகுவதற்குள் மழை பெய்தால் கரைந்து ஓடிவிடும். பழைய சிமெண்டு அட்டையாக இருந்தால் உலர்ந்த நிலையில் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அதிலுள்ள கல்நார்த் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பது. நீர் தெளித்து மெல்லக் கழுவியபின்பே பூச வேண்டும். அட்டையின் மேல் மிதித்து ஏறுவதும் ஆபத்து. ஏணியும் பலகையும் வைத்துக் கொள்ள வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணில் தெறிக்காமல் குழந்தைகளை எட்ட நிறுத்துவதும் அவசியம்.

கூரைக்கு அடுத்தபடி வெயில் படுவது கிழக்குச் சுவரும் மேற்குச் சுவருமே. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால் தாழ்வாரம் இவற்றைக் காப்பதில்லை. இவ்விரண்டின் வெளிப்புறத்துக்கு வெள்ளையோ, வெண்மைக்கு மிக நெருங்கிய வெளிர் நிறமோதான் தகும். வடக்கு அறைக்குச் சூட்டு நிறமும் தெற்கு அறைக்குக் குளிர் நிறமும் அடியுங்கள் என்று வர்ணப் புத்தகங்களில் ஒரு யோசனை காணப்படும். அது ஐரோப்பாவைப் போன்ற குளிர் நாடுகளுக்கு ஏற்பட்டது. அங்கே வடக்கு அறையில் வெயிலே புகாது. ஆகவே மங்கலைப் போக்க மஞ்சள் வேண்டியிருக்கிறது. நமக்கு வைகாசி, ஆனி மாதங்களில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. அவர்களுடைய திசைக் கணக்கை நாம் கடன் வாங்க வேண்டுவதில்லை.

தறி இருக்கும் அறை

நெசவாளர் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. 1824-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கோபெலின் நெசவுச் சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக அமர்ந்தவர் ஷெவ்ரல் என்ற ரசாயன அறிஞர். அங்கே கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை, நூல் வெளுத்துத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் அந்தக் கறுப்பு நூலை மற்ற ஊர்களின் கறுப்போடு ஒப்பிட்டுச் சோதித்தார். நூலில் குறையேதும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே வைத்து நெய்ததால்தான் கறுப்பு சோபை இழந்து தெரிந்தது என்று கண்டுபிடித்தார். ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தால் மாறித் தோன்றும் என்ற இந்த விதியை 1839-இல் ஒரு பெரிய நூலாக எழுதி வெளியிட்டார். ஒரே பாவில் வேறு ஊடையைப் போட்டு மயில் கழுத்து நிறத்தை வரவழைக்கும் நம் நெசவாளர்கள் இதை விரல் நுனியில் அறிவார்கள்.

அப்படியானால் தறியைச் சுற்றியுள்ள சுவரும் ஒரு பக்கத்து நிறமே அல்லவா? பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சிறிது பச்சையாகவே நூலின்மேல் விழுகிறது. ரோஜா நிறச் சுவரானால் வெள்ளை நூலும் சிவந்து காட்டும். இரண்டு கண்டு நூல்களின் சாயம் ஒத்திருக்கிறதா என்று அந்த வெளிச்சத்தில் தீர்மானித்து நெய்துவிட்டு, துணியை வெளியே எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் விரிக்கும்போது வேறுபாடு தெரிந்தால் நஷ்டம் யாருக்கு? ஆகையால் தறி அறையில் குளிர் நிறமும் வேண்டாம், சூட்டு நிறமும் வேண்டாம். தூய வெள்ளையே வேண்டும். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைப் பெருக்குவதால் பகலில் விளக்குச் செலவும் குறையும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் மட்டும் கண்ணைக் கூசச் செய்தால், அதற்கு மெல்லிய சாம்பல் நிறம் கலந்து கொள்ளலாம்.

உடலும் கரையும்

இவ்வளவும் படித்தவர்கள், 'அப்படியானால் ஊர் முழுவதும் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டுமா? நிறத்தைக் கண்டு மகிழ மனிதனுக்கு உரிமையில்லையா?' என்று கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், தம் வீடு தெருவில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று ஆசைப்படுவதில் தவறேதும் இல்லை. அந்த ஆசைக்கு இடம் எது என்பதே கேள்வி. புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். உடலெல்லாம் அழுத்தமான நிறமாக்கிக் கரையை வெளுப்பாக விட்டால் அடுத்த தெருவிலிருந்தே கண்ணை உறுத்தும். உடலை இளநிறமாக வைத்துக் கரையையும் முந்தியையும் அழுத்தமாக்கினால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். வீட்டின் உடல் அதன் சுவர்; கரை அதன் கதவு, ஜன்னல், தூண், அடிச்சுவர்.

புதுக்கோட்டையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்தத் தாமரைக் குளத்தில் பரப்பெல்லாம் இலைகளின் பச்சை. அந்தக் குளிர்ந்த பரப்பின் நடுவே தாமரை மலர்களும், பூப்பறிக்கும் மனிதர்களின் செம்மேனியும் அளவோடு அமைந்திருக்கின்றன. சூட்டு நிறம் குறைவாக இருப்பதனாலேயே அது ஒளிர்கிறது. சுண்ணாம்புப் பூச்சின்மேல் மண்ணிலும் கல்லிலும் எடுத்த நிறங்களைக் கொண்டு தீட்டப்பட்டது அந்தக் குளம்.

நம் முன்னோர் அடிச்சுவருக்குக் காவி பூசியதிலும் இதே அறிவு இருக்கிறது. நமது ஊர் செம்மண் பூமி. மழைத்துளி தெறிக்கும் உயரம் வரையில் வெள்ளைச் சுவர் ஒரே வாரத்தில் சிவந்துவிடும். சிவக்கப் போகிற இடத்துக்கு முன்கூட்டியே சிவப்பை அடித்துவிட்டார்கள். அழுக்கும் தெரியவில்லை, வெள்ளைக்கு ஒரு கரையும் கிடைத்தது. வீட்டுக்குள்ளே காவி போட்டு மெழுகிய சிமெண்டுத் தரையையும் நினைத்துப் பாருங்கள். நிறத்திலோ சூடு, பங்குனி மாதத்து மதியத்தில் அதன்மேல் துண்டை விரித்துப் படுத்தவருக்குத்தான் அதன் குளிர்ச்சி தெரியும். வெயில் படாத இடத்தில் எந்த நிறமும் வீட்டைச் சுடுவதில்லை. ஆகவே உள் அறைகளில் அவரவர் ருசிக்கு ஏற்ற நிறத்தை இளநிறமாக அடித்துக் கொள்ளத் தடையொன்றுமில்லை. வெளிச்சம் குறைந்த அறைக்கு வெளிர் மஞ்சளும், வெளிச்சம் மிகுந்து கூசும் அறைக்கு வெளிர் நீலமோ பச்சையோ கண்ணுக்கு இதமாக இருக்கும். சூட்டு நிறம், குளிர் நிறம் என்ற பாகுபாடு உண்மையாகப் பயன்படுவது இங்கேதான்.

குழந்தைகளை முன்னிட்டு ஓர் எச்சரிக்கை

கரை நிறமாகக் கதவுக்கும் தொட்டிலுக்கும் அடிக்கும் பளபளப்பான எனாமல் பூச்சில் ஒரு தீங்கு ஒளிந்திருக்கக் கூடும். பிரகாசமான மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றுக்கு நெடுங்காலமாக ஈயம் கலந்த நிறப்பொடிகளைச் சேர்த்து வந்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. மத்திய அரசு 2016-இல் விதி வகுத்து, 2017 நவம்பர் 1 முதல் வீட்டு உபயோகப் பூச்சுகளில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறது. டப்பாவின்மேல் அந்த விவரம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நமது கடமை. மலிவாகக் கிடைக்கிறதென்று சீட்டு ஒட்டாத டப்பாவை வாங்கலாகாது. அதற்கு முந்திய காலத்துப் பூச்சு கதவில் இருந்தால், அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூசியாக்காமல், நனைத்துத் தேய்த்து, கழிவைத் துணியில் திரட்டி அப்புறப்படுத்த வேண்டும். அவ்வேளையில் குழந்தைகள் அங்கே இருக்கலாகாது. நமது பழைய காவியின் சிவப்போ இரும்பினால் ஆனது. செம்மண்ணின் சிவப்பும் அதுவே.

செய்ய வேண்டியது

சுண்ணாம்பு வெள்ளைக்கும் குறைகள் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரின்மேல் பிடிக்காமல் உரிந்துவிடும். அத்தகைய சுவருக்கு வெள்ளை எமல்ஷனே பொருத்தம். ஆனால் கூரைக்கும், எமல்ஷன் படாத சுவருக்கும், தறி அறைக்கும் சுண்ணாம்பைவிடச் சிக்கனமானது கிடைப்பது அரிது. ஈரத்தை உள்ளே அடைக்காமல் சுவரை உலர விடுவதும், பூஞ்சணத்தைத் தடுப்பதும் அதன் தனிச் சிறப்புகள்.

ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே பத்துக் கிலோ வாங்கினால் கடைக்காரர் வைத்ததே விலை, தரமும் அப்படியே. நூல் வாங்கவும் உரம் வாங்கவும் ஒன்று சேருகிற அங்கத்தினர்கள், தை மாதத்தில் தெருவாரியாகத் தேவையைக் கணக்கெடுத்து நல்ல சுண்ணாம்பை மொத்தமாகத் தருவித்தால், மாசி முடிவதற்குள் கூரைகள் வெளுத்துவிடும். ஏணியேற இயலாத முதியோர் வீடுகளுக்கு இளைஞர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் போதும். இந்த ஆண்டு பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக் கொள்ளும்படி ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகிகளையும் கேட்டுக் கொள்ளுகிறோம். கூரை வெளுத்த பிறகு, கதவுக்குப் பச்சையா, சிவப்பா என்பதை வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் கூடித் தீர்மானிக்கட்டும்.